மைட்டர் ஸ்லெட்: நடுவில் சிக்குகிறது, முனையில் ஆடுகிறது

4 மார்ச், இரவு 9.42 (கேள்வி)

போட்டோ ஃபிரேம் வெட்டுவதற்காக மேசை ரம்பத்துக்கு (டேபிள் சா) ஒரு 45 டிகிரி ஸ்லெட், அதாவது கட்டையை வைத்துப் பிளேடை நோக்கித் தள்ளும் பலகை, செய்தேன். அடிப்பலகை 12 மி.மீ. பிளைவுட். அதன் கீழே, மேசையில் உள்ள காடியில் (நீளப் பள்ளத்தில்) ஓடுவதற்கு, 400 மி.மீ. நீளத்தில் இரண்டு தேக்கு ரன்னர்கள். பசை போடவில்லை, ஸ்க்ரூ மட்டும்தான். முதலில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். இப்போது தள்ளினால் போகிறது, ஆனால் தொடக்கத்தில் இடம் வலமாக ஆடுகிறது, நடுவில் இன்னும் பிடிக்கிறது. ஃபிரேமில் மூன்று மூலை சேர்ந்தால் நாலாவது வாயைத் திறக்கிறது. மர ரன்னரே தேறாது, அலுமினியம் வாங்கு என்கிறார்கள். வாங்கிவிடலாமா?

4 மார்ச், இரவு 10.10

வேண்டாம். உப்புத்தாளையும் எடுத்து உள்ளே வையுங்கள்.

ஒரே ரன்னர் ஓரிடத்தில் இறுக்கமாகவும் இன்னோரிடத்தில் லூஸாகவும் இருக்கிறது. முழு நீளத்துக்கும் தேய்த்தால் இறுகிய இடம் கொஞ்சம் இளகும், ஏற்கெனவே இளகிய இடம் இன்னும் இளகும். கடைசியில் எல்லா இடமும் ஆடும். எங்கே பிடிக்கிறது என்று கண்ணால் பார்க்கும்வரை ரன்னரில் கை வைக்க வேண்டாம். அலுமினியம் போட்டாலும் இதே வேலைதான், மரத்தைச் சுரண்டுவதுபோல் அதைச் சுலபமாகச் சுரண்ட முடியாது என்பது மட்டும் கூடுதல் தொல்லை.

5 மார்ச், காலை 6.50

சந்தேகப்பட வேண்டியவை மூன்று: மேசையில் இருக்கும் காடி, ரன்னர், இரண்டு ரன்னருக்கும் நடுவில் இருக்கும் தூரம்.

ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடையும் இறக்கிவிட்டு ஆரம்பியுங்கள். பசை போடாதது நல்லதாகப் போயிற்று. ஒரு ரன்னரைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். அப்புறம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். தனித்தனியாக ஓடி, சேர்ந்தால் சிக்கினால் ரன்னர்களின் மேல் குற்றமில்லை, அவற்றைப் பொருத்திய இடம்தான் தப்பு. அல்லது இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை.

தனியாகவே சிக்குகிறதா? அந்த ரன்னரை ஸ்லெட்டிலிருந்து கழற்றி வெறும் குச்சியாகக் காடியில் விட்டு ஒரு விரலால் தள்ளுங்கள். சிக்கும் இடத்தை மேசையில் குறித்துக்கொண்டு, ரன்னரைத் தலைமாற்றிப் போட்டு மறுபடியும் தள்ளுங்கள். மேசையில் அதே இடத்தில் நின்றால் காடிதான். இடம் மாறினால் ரன்னர். வெறும் குச்சியாக நன்றாக ஓடுகிறது, ஸ்லெட்டில் மாட்டினால் மட்டும் சிக்குகிறது என்றால் ஸ்க்ரூ பக்கம் பாருங்கள். அதை ராத்திரி எழுதுகிறேன்.

5 மார்ச், இரவு 8.30

காடியைப் பற்றி முதலில். பெரும்பாலான ரம்பங்களில் அது 6 நூல் அகலம், 3 நூல் ஆழம். அதாவது சுமார் 19 மி.மீ., 9.5 மி.மீ. தூக்கிக்கொண்டு போகும் சின்ன ரம்பங்களில் இது மாறலாம், அதனால் புத்தகத்தில் உள்ள அளவுக்கு ரன்னர் அறுக்காதீர்கள், உங்கள் மேசையில் உள்ள அளவுக்கு அறுங்கள். வெர்னியர் அளவுகோலை முன்னால், நடுவில், பின்னால் என்று வைத்துப் பார்த்தால் மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். எங்கே குறுகலோ அந்த அளவுதான் ரன்னரின் அளவு. அப்படிச் செய்தால் அகலமான இடத்தில் ஆடுமே என்று கேட்பீர்கள். ஆடும். அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

அளப்பதற்கு முன் காடியைச் சுத்தம் செய்யுங்கள். அடி மூலையில் மரத்தூளும் பிசினும் சேர்ந்து கெட்டியாக உட்கார்ந்திருக்கும். பழைய பிரஷ் போதாது, கூரான குச்சியால் கீறி எடுக்க வேண்டும். காடியின் மேல் விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். எப்போதோ எதையோ போட்டு அடிபட்ட இடத்தில் பிசிறு எழும்பி இருக்கும். மெல்லிய அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தால் போய்விடும். எனக்குத் தெரிந்தவரை 'ரன்னர் சரியில்லை' என்று வருகிற புகார்களில் கணிசமானவை இந்த இரண்டோடு தீர்ந்துவிடும்.

ரன்னரின் கீழ் விளிம்புகள் இரண்டையும் லேசாகச் சாய்த்து இழையுங்கள். தூள் ஒதுங்க இடம் கிடைக்கும்.

உயரத்தையும் பாருங்கள். ரன்னர் காடியின் அடியைத் தொடவே கூடாது, ஒரு மில்லிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். அடியைத் தொட்டால் பலகை மேசையில் படியாமல் மேலும் கீழும் அசையும், அதைப் பலர் பக்கவாட்டு ஆட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்லெட்டின் நாலு மூலைக்குக் கீழும் ஒரு காகிதத் துண்டை வைத்து இழுங்கள். எங்கேயாவது சுலபமாக வந்தால் அங்கே பலகை மேசையில் உட்காரவில்லை. பிளைவுட் வளைந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

6 மார்ச், காலை 7.05

பென்சில் முறை. காடியின் இரு பக்கச் சுவர்களிலும் மெத்தென்ற பென்சிலால் நன்றாகத் தேய்த்துக் கருப்பாக்குங்கள். ஸ்லெட்டை நாலைந்து முறை முன்னும் பின்னும் ஓட்டிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். ரன்னரின் பக்கத்தில் எங்கே கருப்பு ஏறி மினுக்குகிறதோ அங்கேதான் உரசுகிறது. அந்த இடத்தை மட்டும் சுரண்டுங்கள். மறுபடி ஓட்டுங்கள், மறுபடி பாருங்கள்.

சுரண்டத் தகடு ஸ்கிரேப்பர்தான். உப்புத்தாள் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. அது விளிம்பை உருட்டிவிடும், குறித்த இடத்தைத் தாண்டியும் தின்னும், கொஞ்சம் மணல் மரத்துக்குள்ளேயே தங்கி அப்புறம் காடியைக் கீறும். ஸ்கிரேப்பர் இல்லையென்றால் உளியின் வாயை நேராக நிறுத்திச் சுரண்டலாம்.

பாதி சுரண்டியதும் 'இன்னும் ஒரே ஒரு இழுப்பு' என்று கை துறுதுறுக்கும். அந்த ஒரே ஒரு இழுப்புதான் ரன்னரைக் குப்பைக்கு அனுப்பும்.

6 மார்ச், இரவு 9.15

ஸ்க்ரூ விஷயம், சொன்னபடி. கூம்புத் தலை ஸ்க்ரூவை இறுக்கும்போது அது ஆப்பு மாதிரி வேலை செய்து ரன்னரைப் பக்கவாட்டில் பிதுக்கும். வெர்னியர் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் நேரே ஒரு சின்ன வீக்கம் தெரியும். பைலட் துளை (ஸ்க்ரூ இறக்குவதற்கு முன்பே போடும் துளை) சின்னதாக இருந்தாலும் இதேதான். துளையைச் சரியான அளவுக்குப் பெரிதாக்கி, தலை உட்காரும் பள்ளத்தைக் கூம்பாக இல்லாமல் தட்டையாகக் குடைந்து, அடி தட்டையாக இருக்கும் ஸ்க்ரூ போட்டால் வீக்கம் இராது. அதைவிடச் சுலபம், ஸ்க்ரூவை மேலிருந்து, பலகை வழியாக ரன்னருக்குள் இறக்குவது. அப்போதும் பைலட் துளை தேவை.

பிளாஸ்டிக் ரன்னரில் இந்த வீக்கம் இன்னும் அதிகம். அதையே வேண்டுமென்று பயன்படுத்துகிறவர்களும் உண்டு: லூஸாக இருக்கும் இடத்தில் கூம்புத் தலை ஸ்க்ரூவைக் கால் சுற்று கூட்டினால் அங்கே ஆட்டம் போய்விடும். திட்டம் போட்டுச் செய்தால் அட்ஜஸ்ட்மென்ட், தானாக நடந்தால் கோளாறு.

8 மார்ச், மாலை 5.20

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்டம் எவ்வளவு இருந்தால் கவலைப்பட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

400 மி.மீ. ரன்னர், காடியைவிட 0.5 மி.மீ. ஒல்லி என்று வையுங்கள். ஸ்லெட் நேர்நிலையிலிருந்து இந்தப் பக்கம் 0.07 டிகிரி, அந்தப் பக்கம் 0.07 டிகிரி திரும்பலாம். கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கிறது. குறுக்கே நேராக வெட்டும் ஸ்லெட்டில் இது பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. மைட்டர் ஸ்லெட்டில்தான் வம்பு.

ஏன் என்றால், இந்த ஸ்லெட்டின் சூட்சுமமே இரண்டு ஃபென்ஸும் (கட்டையை ஒட்டிப் பிடிக்கும் சாய்வுத் தடுப்புகள்) ஒன்றுக்கொன்று 90 டிகிரி என்பதுதான். ஒரு பக்கம் 45.2 என்றால் மறுபக்கம் 44.8. இடது ஃபென்ஸில் ஒரு துண்டு, வலது ஃபென்ஸில் அதன் ஜோடி என்று வெட்டிச் சேர்த்தால் கூட்டல் 90. ஸ்லெட் கொஞ்சம் திரும்பி இருந்தாலும் இந்தக் கணக்கு கெடாது, ஆனால் இரண்டு வெட்டுக்கும் அது ஒரே பக்கம் திரும்பி இருக்க வேண்டும். நடப்பது என்ன? இடது ஃபென்ஸில் கட்டையைப் பிடித்துத் தள்ளும்போது கை ஒரு பக்கம் அழுத்துகிறது, வலதில் தள்ளும்போது மறுபக்கம். ஆட்டம் இருந்தால் ஸ்லெட் ஒவ்வொரு முறையும் எதிரெதிர் பக்கம் திரும்பும். ஈடுகட்ட வேண்டிய பிழை கூடிவிடுகிறது. மூலைக்கு 0.14 டிகிரி, நாலு மூலைக்கும் சேர்த்து அரை டிகிரிக்கு மேல். மூன்று மூலையை இறுக்கிச் சேர்த்தால் அவ்வளவும் நாலாவதில் வந்து நிற்கும். 50 மி.மீ. அகலச் சட்டத்தில் அது 0.7 மி.மீ. வாய்.

இது மிக மோசமான நிலைக்கான கணக்கு. ஆனால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும்: ஸ்லெட்டை முன்னால் இழுத்து வைத்து ஆரம்பிக்கும்போது ரன்னரில் பாதிதான் காடிக்குள் இருக்கிறது. பாதி நீளம் என்றால் திருப்பம் இரண்டு மடங்கு. கேட்டவர் 'தொடக்கத்தில் ஆடுகிறது' என்றாரே, அதற்குக் காரணம் இதுவாகவே இருக்கலாம். வழி: ரன்னர்கள் பலகையைத் தாண்டிப் பிளேடு பக்கமாக ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கட்டும். பலகை வெளியே இருக்கும்போதே ரன்னர் காடிக்குள் போய்விடும்.

8 மார்ச், மாலை 5.45

ஆக, பூஜ்ய ஆட்டம் என்பதைவிட ஸ்லெட் எப்போதும் ஒரே சுவரில் சாய்ந்து ஓடுவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. காடியை முழுக்க நிரப்பும் ரன்னர் செய்ய முயல்வதால்தான் பாதிப் பேர் அவதிப்படுகிறார்கள்.

9 மார்ச், காலை 11.00

அந்த 'வேறு வழி' இதுதான். இரண்டு ரன்னரையும் காடியைவிடக் கொஞ்சம் ஒல்லியாகவே செய்யுங்கள், விளையாடும் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு கனம் போதும். பலகையில் ஒரு ரன்னருக்கான ஸ்க்ரூத் துளைகளைப் பெரிதாக்கி, அகலமான வாஷர் போட்டு, அந்த ரன்னர் இடம் வலம் நகரும்படி விடுங்கள். இரண்டையும் காடியில் இறக்குங்கள். ஒவ்வொரு ரன்னரின் வெளிப்பக்கத்துக்கும் காடியின் வெளிச்சுவருக்கும் நடுவில் சீட்டைச் செருகுங்கள், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. இப்போது இரண்டு ரன்னரும் உட்சுவரில், அதாவது பிளேடு பக்கச் சுவரில், ஒட்டி நிற்கும். அப்படியே வைத்து இறுக்குங்கள், சீட்டை உருவிவிடுங்கள்.

இடது ரன்னர் வலப்பக்கம் போக முடியாது, வலது ரன்னர் இடப்பக்கம் போக முடியாது. ஆட்டம் முடிந்தது. ஒவ்வொரு ரன்னரும் ஒரு சுவரைத்தான் தொடுகிறது என்பதால் காடியின் அகலம் நடுவில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கவலை இல்லை. உட்சுவர்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால் போதும். இறுக்கியபின் பிடித்தால் ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு மயிரிழை நகர்த்துங்கள். ஆடினாலும் அப்படியே. சுரண்டலும் இல்லை, தேய்ப்பும் இல்லை.

வெளிச்சுவர்களில் ஒட்டவைத்தால் ஆகாதா? ஆகும். ஆனால் நான் உட்சுவர் கட்சி, காரணம் அடுத்து.

9 மார்ச், இரவு 10.30

ஈரப்பதம். மழை மாதத்தில் கதவு இறுகுகிற அதே கதைதான் ரன்னருக்கும். தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது வளையத்துக்குக் குறுக்கே, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில், சுமார் 2.5 சதவீதம் சுருங்குகிறது. வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 5.8 சதவீதம், அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். மரத்தின் ஈரம் 4 சதவீதம் ஏறி இறங்கினால் 19 மி.மீ. ரன்னரில் முதல் திசையில் 0.06 மி.மீ. வித்தியாசம், இரண்டாவது திசையில் 0.15 மி.மீ. ஆகவே ரன்னர் அறுக்கும்போது கட்டையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் செங்குத்தாக நிற்கும்படி திருப்பி அறுத்தால் அகலம் குறைவாகத்தான் அசையும். அதே மரம், அதே கட்டை, திருப்பி அறுப்பதில்தான் எல்லாம்.

உட்சுவர் கட்சிக்குக் காரணம்: ஈரம் ஏறும்போது ரன்னர் பெருக்கும், பலகையும் துளி விரியும். உட்சுவரில் ஒட்டவைத்திருந்தால் ரன்னர் பெருப்பது இறுக்கும், பலகை விரிவது தளர்த்தும், ஒன்றையொன்று ஓரளவு தின்றுவிடும். வெளிச்சுவரில் வைத்தால் இரண்டும் சேர்ந்து இறுக்கும்.

நேற்றைய முறையில் ரன்னர் பெருப்பது மறைந்துவிடாது என்பதையும் இங்கேயே சேர்க்கிறேன். இரண்டு உட்பக்கமும் பாதி பாதி நகர்ந்தால் மொத்தம் ஒரு முழு ரன்னர் பெருத்த அளவுதான். லாபம் காடியின் கோணல் விஷயத்திலும், ஸ்க்ரூவைத் தளர்த்திச் சரிசெய்துகொள்ள முடிவதிலும்தான்.

10 மார்ச், காலை 6.40

'நேற்றைய முறை' என்று நேற்றே எழுதியிருக்கிறேன். காலையில் எழுதியது. தூக்கக் கலக்கம், விடுங்கள்.

10 மார்ச், இரவு 8.00

பிளாஸ்டிக் பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். யூ.எச்.எம்.டபிள்யூ என்கிற பாலிஎதிலீன் பிளாஸ்டிக் ஈரம் குடிக்காது, தானாகவே வழுக்கும், நல்ல சரக்கு. ஆனால் வெயிலுக்கு வீங்கும். 20 டிகிரி செல்சியஸ் ஏறினால் 19 மி.மீ. அகலத்தில் சுமார் 0.07 மி.மீ. கூடும். திருப்பி அறுத்த தேக்கு ஈரத்துக்கு அசைகிற அளவுக்கு இது வந்துவிடுகிறது பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே வேலை என்றால் காலையில் ஓடும் ஸ்லெட் மதியம் பிடிக்கும். எஃகும் அலுமினியமும் இந்த இரண்டு தொல்லையும் இல்லாதவை, ஆனால் வாங்கும் பட்டை உங்கள் காடிக்குச் சரியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. எஃகுப் பட்டை ஒல்லியாக இருந்தால் மேல்முகத்தில், ஓரத்தை ஒட்டிச் சென்டர் பஞ்சால் குத்தினால் அந்த இடம் பிதுங்கி அகலமாகும். பழைய பட்டறைக்காரர்களின் வேலை. கூடிப்போனால் அரத்தால் இறக்கலாம். அலுமினியத்தில் பக்கவாட்டில் சின்ன மரை போட்டு நைலான் திருகு வைத்துக்கொள்வது நல்லது.

மர ரன்னர் லூஸானால்: உரசாத பக்கத்தில் சூப்பர் குளூவை மெல்லிய படலமாகத் தடவிக் காயவைத்துச் சுரண்டிச் சரிசெய்யலாம். அலுமினியத் தாள் டேப்பும் ஒட்டுவார்கள். டேப் எனக்குப் பிடிக்காது, ஒருநாள் சுருண்டுகொண்டு நிற்கும்.

10 மார்ச், இரவு 8.10

மெழுகு மட்டும் போடுங்கள். சிலிக்கான் ஸ்பிரே வேண்டாம், மரத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு பாலிஷ் பிடிக்காமல் புள்ளி புள்ளியாக விலகும். எண்ணெயும் வேண்டாம், தூளோடு சேர்ந்து களியாகும். இறுக்கத்தை மெழுகால் மறைக்கவும் பார்க்காதீர்கள். எல்லாம் சரியான பிறகு, கடைசியில்.

13 மார்ச், மாலை 6.30

கேட்டவர் தகவல் போட்டிருக்கிறார். பென்சில் கருப்பு ஸ்க்ரூவுக்கு நேரே இரண்டு இடத்தில் மட்டும் ஏறியிருந்ததாம். துளையைப் பெரிதாக்கி, வீக்கத்தைச் சுரண்டி, சீட்டு வைத்து உட்சுவரில் சாய்த்து இறுக்கியிருக்கிறார். ஸ்லெட் ஒரு விரலுக்கு ஓடுகிறது, ஆடவில்லை. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுத் தள்ளிப் பார்க்கச் சொன்னாராம். அது எல்லோரும் செய்வதுதான், பார்க்கிறவர்கள் 'ஓ, சரி' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஆனால் நாலாவது மூலை இன்னும் கொஞ்சம் திறக்கிறது. முன்பைவிடக் குறைவு, ஆனால் திறக்கிறது.

அப்படியானால் ஸ்லெட்டின் ஓட்டத்தை விட்டுவிட்டு இவற்றைப் பாருங்கள். எதிரெதிர்ச் சட்டங்களை முதுகோடு முதுகு சேர்த்து வைத்து முனைகளை விரலால் தடவுங்கள். படி தட்டினால் நீளம் ஒன்றாக இல்லை. ஃபென்ஸில் ஸ்டாப் கட்டை ஒன்று கட்டாமல் பென்சில் கோட்டைப் பார்த்து வெட்டினால் இப்படித்தான் வரும். நீளம் சரியென்றால் இடைவெளி எந்தப் பக்கம் என்று பாருங்கள். உள்மூலையில் திறந்தால் வெட்டு கூர்மையாகிவிட்டது, கூட்டல் 90-க்குக் குறைவு. வெளிமூலையில் திறந்தால் மழுங்கிவிட்டது. இரண்டிலும் ஃபென்ஸ்களுக்கு நடுவே உள்ள 90-ஐ நல்ல மூலைமட்டம் வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஒன்று அசையாமல் இருக்கட்டும், மற்றதை நகர்த்துங்கள்.

14 மார்ச், காலை 7.15

வெட்டு முகத்தில் கருகல் தெரிகிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டியது, இப்போது கேட்கிறேன். காடிக்குப் பிளேடு இணையாக இல்லாவிட்டால் ஸ்லெட் எவ்வளவு அழகாக ஓடினாலும் பிளேடின் பின்பகுதி வெட்டிய முகத்தை மறுபடி உரசும், ஸ்லெட்டில் உள்ள வெட்டுத் தடமும் அகலமாகும். ஒரு பல்லில் குறி வைத்து, அது முன்னால் நிற்கும்போது காடியிலிருந்து தூரம், பின்னால் சுற்றிக் கொண்டுவந்து அதே பல்லின் தூரம், இரண்டையும் டயல் கேஜால் பாருங்கள். அதே பல்தான், இல்லையென்றால் பிளேடின் நெளிவையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். சில ரம்பங்களில் கீழே மோட்டார் தொங்கும் பிடிமானத்தைத் தளர்த்தி நகர்த்த வேண்டும், பெட்டி வகை ரம்பங்களில் மேசையையே நகர்த்த வேண்டும்.

இன்னொன்று. ஸ்லெட் வழுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்தால் ஆபத்தும் கூடுகிறது, வெட்டு முடிந்தும் கை போய்க்கொண்டே இருக்கும். பிளேடு ஃபென்ஸைத் தாண்டி வெளியே வரும் இடத்தில் ஒரு கனமான கட்டையை ஒட்டுங்கள், ஸ்லெட் அதற்கு மேல் போகாதபடி மேசையில் ஒரு நிறுத்தமும் வையுங்கள்.

16 மார்ச், இரவு 9.50

நீளம்தானாம். ஒரு சட்டம் அரை மில்லிமீட்டர் குட்டை. ஸ்டாப் கட்டை போட்டபின் நாலும் சேர்ந்துவிட்டது என்கிறார்.

17 மார்ச், காலை 6.55

ஒரே காடியில் ஓடும் ஸ்லெட்டுக்கு உட்சுவர் முறை செல்லுமா என்று ஒரு கேள்வி. செல்லாது. அங்கே ஒரு ரன்னர்தான், இரண்டு சுவரையும் அதுவே தொட்டாக வேண்டும். ரன்னரை முழு நீளத்துக்கும் நிரப்பாமல், ஒல்லியாக விட்டு, முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என இரண்டு நைலான் திருகுகளைப் பக்கவாட்டில் வைத்து, அவை மட்டும் ஒரு சுவரைத் தொடும்படி திருப்புங்கள். எதிர்ப்பக்கம் முழு நீளத்துக்கும் மற்ற சுவரில் சாய்ந்து ஓடும். திருகை இறுக்கும்போது ஸ்லெட்டை ஓட்டிக்கொண்டே இறுக்குங்கள். கைக்குக் கனம் தெரிந்தவுடன் கால் சுற்று பின்னால்.